பத்துக்கு மூணு

அய்யாக்கண்ணுவின் மூச்சுக்கு விலை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். வேறு யாரும் வைத்த விலை அல்ல; அவரே பேசி முடித்தது.

ஜனவரியில் நடந்த பேரம். ஆலங்குடி கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி. பல் டாக்டர் ஷர்லி அவருடைய கீழ்வரிசைக் கடைவாய்ப்பல்லைக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வேர் வரைக்கும் சொத்தை போயிருச்சுங்க. ரூட் கெனால் பண்ணிரலாம். மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்.

"ரெண்டாயிரம்னா இப்பவே ஒக்காந்துர்றேன்."

டாக்டர் சிரித்தார். அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக மாட்டுத் தரகு பார்க்கிறவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார். சந்தையில் அதுதான் முறை. விலை படியாவிட்டால் முதுகைக் காட்டி நடந்துவிட வேண்டும்; பத்தாவது எட்டில், "அட, வாங்கண்ணே, கோவிச்சுக்கிட்டா எப்படி" என்று பின்னாலிருந்து குரல் வரும். கடைசிப் படியில் கால்மணி நேரம் நின்று பார்த்தார். குரல் வரவில்லை. படித்தவர்களுக்கு வியாபாரம் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அப்படி ஆயிரத்து ஐந்நூறை மிச்சம் பிடித்த மனிதர், ஊரடங்கின் நடுவே, மே மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார். எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. அது பாட்டுக்குத் துண்டில் வழிந்துகொண்டிருந்தது.

மருமகள் தேவிப்ரியா கஞ்சிக் கிண்ணத்துடன் எதிரே நின்றாள். நேற்று வரை வலது தாடையில் மட்டும் இருந்த வீக்கம், இப்போது தாடைக்குக் கீழே இறங்கி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. முகம் எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"ரெண்டு வாயாச்சும் குடிக்கலாம்ல" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இருவரும் நேருக்கு நேர் பேசி மூன்று மாதம் ஆகிறது. காரணம் செம்பி.

செம்பி அவள் கன்றிலிருந்து வளர்த்த பசு. பிப்ரவரியில் குளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்து, வாயைத் திறந்து பல் பார்த்தான். அய்யாக்கண்ணு தோள் துண்டை எடுத்து விரித்தார். தரகர்கள் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுக்கப் பிடித்தால் ஐந்து. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். தேவிப்ரியாவுக்கும் அவ்வளவுதான் தெரிந்தது. துண்டு அசைந்தது, நின்றது, செம்பி போய்விட்டது.

"எவ்வளவுக்குங்க மாமா?" என்று கேட்டாள்.

"படிஞ்சுருச்சு" என்றார்.

"அதான், எவ்வளவுக்கு?"

"துண்டுக்குள்ள பேசுனதைப் பொம்பளைககிட்ட அவுத்து விட்டா தொழில் வெளங்குமா?"

அதுதான் கடைசிப் பேச்சு. அதன் பிறகு வீட்டில் இருக்கிற இரண்டே பேரும் சிங்கப்பூர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவளுடைய கணவன் சிவபிரகாஷ் அங்கே கப்பல் பட்டறையில் வேலை. "ஒங்கப்பாவுக்கு இன்னைக்கு ரசமா, சாம்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று இவள் போன் போடுவாள். அவன் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்ப இவளுக்குச் சொல்வான். அடுப்படிக்கும் வாசலுக்கும் இருபதடி. ரசம் கடல் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தது.

சரி, அது சிரித்துக் கழிக்கிற சமாச்சாரம். வியாழக்கிழமை நடந்தது அப்படியல்ல.

ஞாயிற்றுக்கிழமை பல் வீங்கியது. உப்புத் தண்ணீர், கிராம்பு என்று நான்கு நாளை ஓட்டினார். வியாழக்கிழமை வாய் பாதிதான் திறந்தது. தேவிப்ரியா ஷர்லி டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் அவசரக் கேஸ்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் போனில் விசாரித்து, எடை போட்டு, யாரை வரச்சொல்வது என்று முடிவு செய்துதான்.

"வீக்கம் எத்தனை நாளா இருக்கு?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அய்யாக்கண்ணு இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு நாளா டாக்டர்" என்றாள்.

"வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்? தாங்கவே முடியாதுன்னா பத்து."

அய்யாக்கண்ணு மூன்று விரலைக் காட்டினார். வாங்குகிறவன் தன் அவசரத்தைக் காட்டினால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். வண்டிமாடு செத்து நடுரோட்டில் நிற்கிறவன்கூட, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றுதான் மாட்டைப் பார்க்க வேண்டும். பத்து என்று சொல்லிவிட்டுப் பிறகு எதைப் பேசுவது?

இதெல்லாம் தேவிப்ரியாவுக்குத் தெரியும். ஆறு வருடம் அந்த வீட்டில் குப்பை கொட்டியிருக்கிறாள். அவருடைய மூன்று என்பது மூன்றல்ல என்பது, அவருக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும்.

"மூணு டாக்டர்" என்றாள்.

"ஒங்களுக்குப் பார்த்தா எப்படிம்மா தெரியுது?"

அவள் அந்த மூன்று விரலைப் பார்த்தாள். செம்பியின் கயிறு கட்டியிருந்த வேப்பங்கட்டை முளையைப் பார்த்தாள்.

"அவரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும் டாக்டர்."

திங்கட்கிழமை காலை வரச்சொல்லி, வாட்ஸ்அப்பில் மாத்திரைச் சீட்டு வந்தது.

இன்றைக்குத்தான் சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

அய்யாக்கண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் நிறையச் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் மூச்சு இழுக்கிறபோது ஒரு சீழ்க்கை.

தேவிப்ரியா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஷர்லி டாக்டர் போன் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போட்டாள், முன்னால் பதினோரு பேர் இருக்கிறார்கள், வண்டி வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். பஸ் இல்லை. கார் வைத்திருக்கிற ஒரே வீட்டில் நான்கு பேருக்குக் காய்ச்சல்.

மிச்சம் இருந்தது இன்னாசியின் குட்டியானை.

சந்தைக்கு மாடு ஏற்றுகிற வண்டி அது. சந்தையை மூடிவிட்டதால், காய்கறி விற்கிறதுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான் இன்னாசி. தக்காளிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்து நின்றான். அய்யாக்கண்ணுவைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"என்ன தரகரய்யா, எத்தனை மாட்டை இந்த வண்டியில ஏத்திவிட்டிருப்பீங்க. இன்னைக்கு நீங்களே ஏறுறீங்க. வாடகை யாருகிட்டக் கேக்க?"

அய்யாக்கண்ணு விரலை ஆட்டினார். தர முடியாது என்று அர்த்தம்.

"பாத்தியா தங்கச்சி, இந்த நெலமையிலயும் மனுசன் ஓசிக்குத்தான் நிக்கிறாரு."

முன்சீட்டில் சாய்ந்து உட்கார வைத்தால் அவருக்கு மூச்சு முட்டியது. இன்னாசி அவரைப் பின்னால் ஏற்றி, நாற்காலியைக் கயிற்றால் கட்டி, அதில் உட்கார வைத்தான். மாடு நிற்கிறதுக்குக் கட்டியிருந்த குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தேவிப்ரியா கீழே வைக்கோல் ஒட்டியிருந்த தகரத்தில் உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலங்குடி கடைவீதியில் மருந்துக்கடை தவிர எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. தேவிப்ரியா இறங்கி ஓடினாள். மாடிப்படியின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது.

"டாக்டர்! டாக்டர்!"

மேலே பால்கனிக் கதவு திறந்தது. நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தி, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஷர்லி டாக்டர் கம்பியைப் பிடித்து நின்றார். நிற்கிறதே அவருக்குப் பாரமாக இருந்தது.

"மேல வராதீங்க! எனக்கு பாசிட்டிவ். நேத்துதான் தெரிஞ்சுது."

ஜனவரியில் அய்யாக்கண்ணு காத்து நின்ற அதே கடைசிப் படி. இப்போது மேலேயிருந்து குரல் வந்துவிட்டது.

டாக்டர் பால்கனியிலிருந்தே வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். இருமினார். மறுபடி பார்த்தார்.

"நாக்கை வெளிய நீட்டச் சொல்லுங்க."

அய்யாக்கண்ணு முயன்றார். உதட்டைத் தாண்டி எதுவும் வரவில்லை.

"தாடைக்குக் கீழ அமுக்கிப் பாருங்கம்மா. மெத்துன்னு இருக்கா, கெட்டியா இருக்கா?"

தேவிப்ரியா வண்டியில் ஏறிக் கையை வைத்தாள். மாமனாரை அவள் தொட்டது அதுதான் முதல்தடவை.

"கட்டை மாதிரி இருக்குங்க டாக்டர்."

டாக்டர் பால்கனிக் கம்பி மேல் குனிந்தார்.

"சீழு கழுத்துக்கு எறங்கிருச்சும்மா. தொண்டையை நெரிக்குது. நான் நல்லா இருந்தாலும் இதை இங்க பாக்க முடியாது. புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. படுக்க வைக்காதீங்க, ஒக்காந்தே வரட்டும். தூங்க விடாதீங்க. பேசிக்கிட்டே போங்க." பிறகு, குற்றமாகச் சொல்லாமல், தாங்க முடியாமல் கேட்டார்: "மூணுன்னுதானம்மா சொன்னீங்க? அன்னைக்கு எனக்கு நாப்பது போன். எட்டு, ஒம்போது சொன்னவங்களத்தான் ஒடனே வரச்சொன்னேன்."

தேவிப்ரியா தகரத்தில் உட்கார்ந்து நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அய்யாக்கண்ணு கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். நான்தான் சொன்னேன், அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை என்று.

அவர் அவளைத் திட்டியிருக்கலாம். அது இதைவிடத் தேவலையாக இருந்திருக்கும்.

வண்டி கிளம்பியது. பேசிக்கிட்டே போங்க என்று சொல்லிவிட்டார் டாக்டர். மூன்று மாதமாகப் பேசாதவரிடம் எதைப் பேசுவது? ஒரு மைல் கல் தாண்டியது. அய்யாக்கண்ணுவின் கண் செருகியது.

"மாமா!" என்று கத்தினாள். கண் திறந்தது.

"தூங்கக் கூடாது. கேட்டுக்கிட்டு வாங்க. ஒங்களை வையறதுக்கு நெறைய வச்சிருக்கேன்."

மனிதர் பார்த்தார்.

"மாப்பிள்ளை அழைப்புல எங்கப்பா குடுத்த வாட்ச்சைக் காதுல வச்சுப் பாத்தீங்களே, ஓடுதா ஓடலையான்னு. எங்க ஊரு பொன்னமராவதி பூராவும் அதைச் சொல்லிச் சிரிச்சுச்சு, தெரியுமா? நான் கல்யாணமாகி வந்த மறுநாளு, காய்கறிக்காரன்கிட்ட கத்திரிக்காய் சொன்ன வெலைக்கு வாங்கிட்டேன்னு மூணு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க. மூணு நாளு! ஒரு கத்திரிக்காய்க்கு!"

அவர் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிப்பா, இருமலா, தெரியவில்லை.

"அந்தக் கத்திரிக்காய்ல புழு வேற இருந்துச்சு. நான் ஒங்ககிட்ட சொல்லல. ஒங்களுக்கே போட்டுக் கொழம்பு வச்சேன்."

ஆறு வருடச் சரக்கு ஒவ்வொன்றாக இறங்கியது. பாதி வழிக்குள் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவா சேர்த்து வைத்திருந்தோம் என்று. எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமையை மட்டும் சொல்லவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால் வந்தது. "அப்பாவைக் காட்டு" என்றான் சிவபிரகாஷ். காட்டினாள். அவன் கிளம்பி வர வழியில்லை. விமானம் இல்லை, இருந்தாலும் பதினான்கு நாள் தனிமை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

"எவ்வளவு ஆனாலும் பாத்துக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிரு தேவி. எவ்வளவு ஆனாலும்."

அய்யாக்கண்ணுவின் கண்ணில் கோபம் எட்டிப் பார்த்தது. எவ்வளவு ஆனாலும் என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொல்வதா, அதுவும் தன் மகன்! அந்தக் கோபத்தைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

புதுக்கோட்டைக்கு முன்னால் போலீஸ் தடுப்பு. ஒரு காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"காய்கறிப் பெர்மிட்டு. பின்னால என்னய்யா?"

"பூசணிக்காய் சார்" என்றான் இன்னாசி.

காவலர் பின்னால் வந்து பார்த்தார். தேவிப்ரியா ஊரடங்கில் வெளியே போகப் பதிந்திருந்த இ-பதிவைத் தேடிப் போனை நோண்டினாள். அவர் அதைக் கேட்கவில்லை. "போ, போ, சீக்கிரம் போ" என்று தடுப்பைத் தானே இழுத்துவிட்டார்.

வண்டி நகர்ந்ததும் அய்யாக்கண்ணு ஓட்டுநர் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார். பூசணிக்காய்க்குப் பதில். உள்ளேயிருந்து இன்னாசி, "எந்திரிச்சு வந்து பேசிக்குங்க" என்றான். சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.

கடைசி இரண்டு மைலில் சீழ்க்கைச் சத்தம் உரக்கக் கேட்டது. தேவிப்ரியாவுக்கு வசவு தீர்ந்துவிட்டது. வேறு ஒன்றும் தோன்றாமல், கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததையே கேட்டாள்.

"செம்பி எவ்வளவுக்குங்க மாமா போச்சு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆட்டோவில், காரில், பைக்கில் நடுவே உட்கார வைத்து என்று வந்திறங்கியவர்கள் எல்லாருக்கும் படுக்கை கிடைக்குமா என்று ஒரே கேள்விதான், ஒரே தவிப்புதான். இன்னாசி குட்டியானையை ஓரமாக நிறுத்தி, அய்யாக்கண்ணுவை நாற்காலியோடு தூக்கி இறக்கினான்.

உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடையில் ஒரு டாக்டர் வரிசையை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். நெஞ்சில் மார்க்கரால் அரவிந்த்குமார் என்று எழுதியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. அய்யாக்கண்ணுவின் விரலில் கருவியை மாட்டினார். ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்றொன்று. கழுத்தை அமுக்கினார். உதட்டுக்கு நடுவே தன் சுண்டு விரலை நுழைக்கப் பார்த்தார். பல்லும் பல்லும் விடவில்லை.

எத்தனையோ மாட்டின் வாயைப் பிளந்து, ரெண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயது சொன்ன மனிதர். அவர் வாயைப் பிளக்க ஆளில்லை.

"எத்தனை நாளா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. ஏழு நாளு" என்றாள் தேவிப்ரியா.

"ஐயா, வலி பத்துக்கு எவ்வளவு இருக்கு?"

தேவிப்ரியா மாமனாரைப் பார்த்தாள். அய்யாக்கண்ணு சுற்றும் முற்றும் பார்த்தார். வரிசையில் நிற்கிறவர்கள், இன்னாசி, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள். பிறகு, எச்சிலில் நனைந்திருந்த துண்டை மடியிலிருந்து எடுத்து, நனையாத பக்கத்தைத் தேடித் தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். கையை அவள் பக்கம் நீட்டினார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்தத் துண்டுக்குள் எந்தப் பெண்ணின் கையும் போனதில்லை.

"பிடி தங்கச்சி" என்றான் இன்னாசி. "வெல சொல்றாரு."

அவள் துண்டுக்குள் கையை விட்டாள். காய்ச்சலில் கொதிக்கிற ஒரு கை அவள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தது. ஐந்து. விட்டது. மறுபடி ஐந்தையும் பிடித்தது. இந்தமுறை விடவில்லை.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் டாக்டர்.

"பத்துங்க டாக்டர்."

முப்பத்தைந்து வருடத் தொழிலில் அய்யாக்கண்ணு முதல் பேச்சிலேயே உள்ளதைச் சொன்னது அதுதான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது, படுக்க வைக்காமல் முதுகுப் பக்கத்தைத் தூக்கி வைத்தார்கள். ஆக்ஸிஜன் மாட்டினார்கள். மூக்கில் குச்சி விட்டுக் கொரோனா டெஸ்ட்டுக்கு எடுத்தார்கள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். டாக்டர் அவளைத் தள்ளி அழைத்துப் போய் ஒரு தாளை நீட்டினார்.

"வாய் வழியாக் குழாய் விட எடமில்லம்மா. கழுத்துல ஓட்டை போட்டுத்தான் மூச்சுக்கு வழி பண்ணணும். சீழை வெளிய எடுக்கணும். சர்க்கரை நானூறுக்குப் பக்கத்துல இருக்கு. நெஞ்சுக்குள்ளயும் எறங்கியிருக்கும்போல. டெஸ்ட் ரிசல்ட்டுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்ல. தியேட்டரை ரெடி பண்றோம்."

கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் மகன் மனைவி என்று எழுதினாள்.

"வியாழக்கிழமையே கூட்டிட்டு வந்திருந்தா டாக்டர்?"

அவருக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. களைப்பில் உள்ளதைச் சொல்லிவிட்டார். "வியாழக்கிழமையா? பல்லைப் பிடுங்கி, கீறிவிட்டு, ரெண்டு நாளு வச்சிருந்து அனுப்பியிருப்போம்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்த கையை இறக்காமல் கேட்டாள்.

"பொழைக்கிறதுக்குப் பத்துக்கு எவ்வளவு டாக்டர்?"

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா."

"சொல்லுங்க. நாங்க வியாபாரக் குடும்பம். நம்பர் சொன்னாத்தான் புரியும்."

டாக்டர் கையெழுத்தான தாளை மடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு."

ஆறு வருடப் பழக்கம். எதிராளி ஒரு எண்ணைச் சொன்னால், உடனே அவன் கண்ணைப் பார்ப்பாள். இதில் எவ்வளவு குறைத்துச் சொல்கிறான், எவ்வளவு ஏற்றிச் சொல்கிறான், பின்னால் இறங்கி வருவானா என்று. டாக்டரின் கண்ணையும் அப்படித்தான் பார்த்தாள். அவர் வியாபாரி இல்லை. அவருடைய மூன்று, மூன்றுதான். முதுகைக் காட்டி நடந்தாலும் பின்னாலிருந்து கூப்பிட்டு நாலு என்று சொல்ல மாட்டார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளத் தொடங்கினார்கள். தேவிப்ரியா கூடவே ஓடினாள். அய்யாக்கண்ணுவின் கை மறுபடி துண்டைத் தேடியது. அவளே எடுத்துப் போட்டாள். அவளே கையை உள்ளே விட்டாள்.

நாலு விரலைப் பிடித்தார்.

"என்னங்க மாமா? வலியா?"

இல்லை என்று கண்ணை மூடித் திறந்தார். நாலு விரலை மறுபடி அழுத்தினார். சீழ்க்கைச் சத்தத்துக்கு நடுவே, ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள் உதடு ஒட்டிப் பிரிந்தது. செம்பியின் செ வரவில்லை. ம் மட்டும் வந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்பது. நாற்பதாயிரத்துக்கு மேல். தரகர்கள் பெரிய எண்ணை முதலில் பிடிப்பார்கள், அதற்கப்புறம் மேல்படி ஆயிரம்.

"நாப்பது. சரி, நாப்பது. மேல எவ்வளவுங்க மாமா?"

கை அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்தது. அடுத்த விரலைத் தேடி நகர்ந்தது. கதவு வந்துவிட்டது.

"இதுக்கு மேல வரக்கூடாதும்மா."

கை உருவிக்கொண்டு போனது. கதவு மூடியது. துண்டு அவளிடம் தங்கிவிட்டது.

இன்னாசி வண்டிப் பக்கம் போய், யாரும் பார்க்காத மாதிரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். சிங்கப்பூரிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேவிப்ரியா எடுக்கவில்லை. எடுத்தால் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை ஏற்றிச் சொல்லவும் இன்றைக்கு அவளுக்குத் துணிவில்லை, உள்ளபடி சொல்லவும் இல்லை.

சுவரோரமாகச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஈரத் துண்டை மடியில் விரித்தாள். அதற்கடியில் தன் இடது கையைத் தானே வலது கையால் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் கணக்குப் பார்த்தாள்.

வியாழக்கிழமையன்று வீக்கம் ஐந்து நாள். டாக்டரிடம் சொன்னது இரண்டு. குறைவு மூன்று நாள்.

வலி பத்து. சொன்னது மூன்று. அவள் தெரிந்தே விட்டது ஏழு.

உயிருக்குப் பத்து. டாக்டர் சொன்னது மூன்று. மாமா விட்டதும் அதே ஏழு.

அந்த வரவும் இந்தச் செலவும் நேராகிவிட்டன. ஒரு விரல்கூட மிச்சமில்லை.

செம்பி வகையில், நாற்பதாயிரம் வந்து சேர்ந்தது. மேல்படி பாக்கி.